பேரு சொன்னான்

ஒரு சிரிப்புச் சத்தம். அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மாதா கோயிலுக்குள், ஆண்கள் பக்கமிருந்து, வாயைப் பொத்தியும் அடங்காமல் மூக்கு வழியாக வந்த சிரிப்பு. ஐம்பது வருஷம் ஆகிறது. எந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். ஸ்டூலில் உட்காருங்கள். காப்பி தரப்போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சலேத்து ரொட்ரிகோ வீட்டு ஆட்கள் யாருக்கும் இந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. நீங்கள் டென்சில்தானே, இரண்டாவது மகன்? துறைமுகத்தில் வேலை என்று கேள்வி. உங்களை நான் நீங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். வயதில் சின்னவர்தான். ஆனால் நீ என்று சொன்னால் பழக்கம் இருக்கிற மாதிரி ஆகிவிடும்.

அப்பா சாகக் கிடக்கிறார், உங்களைப் பார்க்கணும் என்கிறார், வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் டீச்சர் என்கிறீர்கள். என்ன வார்த்தை? மன்னித்தேன் என்றா? அதைச் சொல்ல ஊரில் சாமியார் இருக்கிறார். அவருக்கு அது தொழில். எனக்கு இல்லை.

நான் வர மாட்டேன். ஏன் வர மாட்டேன் என்று உங்கள் வீட்டில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னாலும் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். அதனால் நான் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் போய், டீச்சர் வரவில்லை என்று உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

ரெமிஜியூஸ் மோத்தா. அந்தப் பேரை உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த மோனிக்கம்மாவுக்கு ஒரே மகன். அப்பா இல்லை. பஞ்சு ஆபீசில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டாம் உலக யுத்தக் காலம். உங்கள் அப்பாதான் முதலில் கடற்படையில் சேர்ந்தார். சேர்ந்ததோடு நின்றிருக்கலாம். லீவில் வந்து அந்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். மீன் வாங்கப் போனாலும் அந்த உடுப்பு. ரெமி மயங்கிப்போனான். மூன்றே மாதத்தில் அவனும் பம்பாய்க்குப் போய்க் கையெழுத்துப் போட்டு அதே கப்பலில் சேர்ந்தான். மோனிக்கம்மா உங்கள் பாட்டி வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். எனக்கு அந்த உடுப்பு பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். பத்தொன்பது வயதில் எல்லோருக்கும் வெள்ளை பிடிக்கும்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் நான். அதற்காகவே ரெமி என்னை ஓயாமல் சீண்டுவான். லீவுக்கு வந்தால் சன்னலுக்கு வெளியே நின்று, "ஏ காலேசு, எங்க அம்மை ஒரு தந்தி எழுதித் தரச் சொன்னா. ஆனா அவளுக்கு இங்கிலீசுல அழுவ வராதாம்" என்பான். தந்தியும் இருக்காது, ஒன்றும் இருக்காது. சும்மா. நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, "போய் மூட்டைய எண்ணு" என்பேன். அவன் கப்பலுக்குப் போன பிறகும் மூட்டையை எண்ணு என்றுதான் சொல்வேன். இவ்வளவுதான் எங்கள் காதல். இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு வீடும் பேசி முடித்தார்கள். அவனுக்கு லீவு கிடைத்த மாதத்தில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். உங்கள் கலியாணத்துக்கும் வாசித்திருப்பார்கள், மூன்று ஞாயிற்றுக்கிழமை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் நடக்கப்போகிறது, தடை இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஓலை அன்றைக்குச் சாமியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவருக்கு உதவியாக இருந்த உபதேசியார் ஏறி வாசித்தார். வயதானவர், மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் கீறல். என் பேர் பெர்பெத்துவா. லத்தீன் பேர். என்றென்றைக்கும் என்று அர்த்தம். அவருக்கு அது வாயில் நுழையவில்லை. ஒரு தடவை திக்கி, ஒரு தடவை இருமி, கடைசியில் கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மோனிக்கம்மாள் மகன் ரெமிஜியூசுக்கும், கஸ்தீன் மகள் பேர்பெத்தவளுக்கும்" என்று வாசித்துவிட்டார்.

அப்போது வந்த சிரிப்புதான் அது. மாப்பிள்ளையே சிரித்தால் கோயில் என்ன ஆகும்? பெண்கள் பக்கம் எல்லா முக்காடும் ஆடிற்று. என் அம்மா என் தொடையைக் கிள்ளினாள், நான் ஏதோ செய்துவிட்ட மாதிரி. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது, வீட்டில், கிணற்றடியில் தனியாக.

அந்தச் சிரிப்பிலிருந்து அவன் எனக்கென்று ஒரு கூப்பிடு பேர் எடுத்துக்கொண்டான். என்ன பேர் என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. யாருக்கும் சொன்னதில்லை. என் அம்மாவுக்குத் தெரியாது, அவன் அம்மாவுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. கிணற்றடிச் சுவர் அந்தச் சந்தை ஒட்டி இருக்கும். ஓலை வாசித்த பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் தெருவில் நின்று பேசக்கூடாது. அதனால் அவன் சந்து வழியாகப் போவான். போகும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்தப் பேரைச் சொல்வான். தண்ணீர் கேட்பான். நான் செம்பைச் சுவர்மேல் வைப்பேன். அவன் கை மட்டும் வந்து எடுக்கும். அவ்வளவுதான்.

இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். அதற்குள் சாமிக்குத் தொண்டை சரியாகிவிட்டது. சரியாக வாசித்தார், யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் ஓலைக்கு முன்னால் தந்தி வந்தது, லீவு ரத்து, உடனே கப்பலுக்கு வா என்று. இது நிஜத் தந்தி. அவன் போனான். சாமி சொன்னார், பரவாயில்லை, திரும்பி வந்ததும் மூன்றாம் ஓலையை வாசித்துக்கொள்ளலாம் என்று.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று ஓலையும் வாசித்திருந்தால் ஊர் என்னைப் பாதி மனைவி என்றாவது நினைத்திருக்கும். இரண்டோடு நின்றுபோனவளுக்குப் பேர் கிடையாது. கன்னியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. செத்த வீட்டில் உட்கார்ந்து அழுவதற்குக்கூட ஒரு முறை வேண்டும். அத்தை, சித்தி, அண்ணி என்று ஏதாவது ஒன்று. அடுத்த தந்தி மோனிக்கம்மா வீட்டுக்கு வந்தபோது நான் காலேஜிலிருந்து ஓடிவந்தேன். வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. மோனிக்கம்மா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "படிச்சிட்டு இரி" என்றாள். படிச்சிட்டு இரி. அதைச் சாபமாகச் சொன்னாளா ஆறுதலாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சாபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தந்தியில் ஒன்றும் இல்லை. கடலில் காணவில்லை, மூழ்கியிருக்கலாம் என்று நம்பப்படுகிறது. இருக்கலாம், நம்பப்படுகிறது. தமிழ் படித்தவளுக்கு அந்த வினைச்சொற்களைப் பார்த்தாலே வயிறு எரியும். யார் நம்புகிறார்கள்? நம்புகிறவன் தன் பேரைப் போட வேண்டியதுதானே?

மற்றதெல்லாம் உங்கள் அப்பா லீவில் வந்து சொன்னதுதான். அதில் எவ்வளவு நம்புவது என்பது உங்கள் பாடு. சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போகுமாம். கான்வாய். அவற்றின் ஓரத்தில் இவர்கள் கப்பல் மாதிரிச் சின்னக் காவல் கப்பல்கள், மந்தைக்கு நாய் போகிற மாதிரி. பம்பாயிலிருந்து பஸ்ரா பக்கம். ஆடி மாதக் கடல். சாயங்காலம் போல ஒரு பெரிய அலை அடித்து, நீர்மூழ்கிக்குப் போடுகிற வெடிப் பீப்பாய் ஒன்று கட்டு அவிழ்ந்து உருண்டிருக்கிறது. அதை இழுத்துக் கட்ட இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார்கள். கயிற்றின் ஒரு முனையில் ரெமி, மறுமுனையில் உங்கள் அப்பா. அடுத்த அலையில் ரெமி போய்விட்டான். உங்கள் அப்பா போகவில்லை.

கப்பல் நிற்கவில்லை. விழுந்தவனுக்காக நிற்கக்கூடாது என்பது கான்வாயில் விதியாம். நின்றால் நீர்மூழ்கிக்குக் குறி பார்க்க வசதி. விதி எனக்குப் புரிகிறது. காப்டன் கையில் இல்லை, உங்கள் அப்பா கையிலும் இல்லை. நான் ஒன்றும் முட்டாள் இல்லை. மிதவை வளையத்தை எறிந்தேன் என்றார். எறிந்திருக்கலாம் என்று நம்பப்படுகிறது.

பிறகு பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாராம். அவன் தலை தெரிந்ததாம். கையைத் தூக்கிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம்.

என்ன கூப்பிட்டான்?

இதுதான் தம்பி. இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். மோனிக்கம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். உங்கள் அப்பா, "அம்மான்னுதான் மாமி கூப்பிட்டான். அம்மா அம்மான்னு" என்றார். அவ்வளவுதான், அவள் எழுந்தாள். முகம் கழுவினாள். தந்தி வந்ததிலிருந்து சோறு தொடாதவள் அன்றைக்குக் கஞ்சி குடித்தாள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய், "கடைசில எம்புள்ள என்னியத்தான் கூப்பிட்டான்" என்றாள். மீன்காரியிடம் சொன்னாள், துணி வெளுப்பவனிடம் சொன்னாள். எங்கள் வீட்டுக்கும் வந்து என் அம்மாவிடம் சொன்னாள், நான் அடுப்படியில் நிற்பது தெரிந்தே. துக்கப் பூசைக்கு நாள் குறிக்கச் சாமியிடம் போவதாகவும் சொன்னாள். உடல் இல்லாததால் அவன் சட்டை ஒன்றைப் புதைக்கலாம் என்று சாமி சம்மதித்திருந்தார்.

எனக்கென்று ஒன்றும் இல்லை. அவளுக்குத் தந்தி இருந்தது, சட்டை இருந்தது, அம்மா என்ற சொல்லும் இருந்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து உங்கள் அப்பா பூவரச மரத்தடியில் நின்றார். உடுப்பில்தான். நான் நேராகப் போனேன். ஒரு பெண் அப்படிப் போய் நிற்பது அன்றைக்குப் பெரிய விஷயம். "கடைசியா என்ன சொன்னான்?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தார். "பேரு சொன்னான்" என்றார்.

"யார் பேர?"

ஷூ முனையால் மண்ணைக் கிளறினார். பூவரசம்பூ ஒன்று கிடந்தது, அதை மூடினார், திறந்தார். "யார் பேரன்னு கேக்கேன்" என்றேன். அப்புறம்தான் சொன்னார், "ஒம் பேரத்தான் பிள்ள. பெர்பெத்துவா பெர்பெத்துவான்னு."

அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, பொய் என்று. ரெமி வாயிலிருந்து பெர்பெத்துவா என்ற சொல்லை நான் கேட்டதே கிடையாது. சின்ன வயதில் ஏட்டி, பிறகு காலேசு, பிறகு அந்தப் பேர். பெர்பெத்துவா என்று அவனால் சொல்லவும் வராது, உபதேசியாருக்கு வராத மாதிரியே. சாகப்போகிறவன், வாயில் உப்புத் தண்ணீர் அடிக்கும்போது, அதுவரை சொல்லாத லத்தீன் பேரைச் சொல்வானா? கேட்டவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார் இந்த ஆள். அம்மாவுக்கு அம்மா, எனக்கு நான். சாமி கேட்டிருந்தால் சேசுவே என்றான் என்று சொல்லியிருப்பார்.

மோனிக்கம்மா பெண்கள் கூட்டத்தோடு படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். "மாமி, இங்க வாங்க. ஒங்க மகன் ஒரே வாயால ரெண்டு பேரக் கூப்பிட்டிருக்கான். ஒங்களயும் கூப்பிட்டான், என்னையும் கூப்பிட்டான்னு சலேத்து சொல்லுதாரு. எது நெசம்னு கேளுங்க."

எல்லோரும் வந்துவிட்டார்கள். கோயில் வாசலில் கூட்டம் சேர எவ்வளவு நேரம் ஆகும்? மோனிக்கம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உங்கள் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"ஏல சலேத்து. எது நெசம்?"

உங்கள் அப்பா ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "காத்து மாமி. காத்துல சரியாக் கேக்கல" என்றார்.

"கேக்கலியா?"

"கேட்டுச்சி. ஆனா என்னன்னு..."

"கேக்கலைன்னா பாத்திருக்கவும் மாட்ட" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு மட்டும்தான் அதன் அர்த்தம் உடனே புரிந்தது. வார்த்தைகளில் பழகியவள் இல்லையா? மற்றவர்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. துக்கப் பூசை வேண்டாம் என்று சாமியிடம் சொல்லிவிட்டாள். புதைக்கக் கொடுத்திருந்த சட்டையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எம்புள்ள சாவல, இந்தப் பய எதையும் பாக்கல, பஸ்ராவுல எறங்கி எங்கயோ கெடக்கான் என்று ஆரம்பித்தாள். நான் செய்தது என்ன? ஒரு பொய்யைப் பொய் என்று காட்டினேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றதற்கு நான் என்ன செய்ய முடியும்? படிப்பறிவு இல்லாதவர்கள் இப்படித்தான், ஒரு செங்கல்லை உருவினால் வீடே இல்லை என்பார்கள்.

நான் அப்புறம் கலியாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தார்கள். அப்பா கெஞ்சினார். மறுபடி முதல் ஓலையிலிருந்து ஆரம்பிக்க எனக்கு இஷ்டமில்லை. டீச்சராகி, இங்கேயே தமிழ் நடத்தி, ஓய்வு பெற்று, இந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன். உங்கள் அப்பாவும் சண்டை முடிந்து திரும்பிவந்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒரே தெரு. அவர் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் போவேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பொட்டலம் மக்ரூன் வரும், உங்கள் அம்மா கையில் கொடுத்தனுப்புவார். தெரு கூட்டுகிறவளுக்குக் கொடுத்துவிடுவேன். நல்ல மக்ரூன்தான் என்று அவள் சொல்வாள்.

உங்கள் அக்கா என்னிடம் மூன்று வருஷம் படித்தாள், தெரியுமா? நன்றாகப் படிக்கிற பிள்ளை. நான் ஒரு நாளும் அவளைப் பேர் சொல்லி எழுப்பியதில்லை. மூன்றாவது பெஞ்சு, ஓரம், எழுந்திரு என்பேன். மதிப்பெண்ணில் அரை மார்க் குறைத்ததில்லை. டீச்சர் பாரபட்சம் காட்டினாள் என்று உங்கள் வீட்டில்கூட யாரும் சொல்ல முடியாது.

இதுதான் கதை. போய்ச் சொல்லுங்கள். பொய் சொன்னவர் பொய்யோடு போகட்டும். ஐம்பது வருஷமாக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து, எனக்குக் கேட்கவில்லை, உன்னைச் சமாதானப்படுத்தச் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் நான் மக்ரூனைத் தின்றிருப்பேன்.

என்ன? அதைத்தான் சொல்ல விரும்புகிறாரா? இப்போதா? ஜுரத்தில் பிதற்றுகிறவர் என்ன சொன்னால் என்ன.

என்ன சொன்னீர்கள்?

இல்லை, திரும்பச் சொல்லுங்கள். உங்கள் வார்த்தையில் வேண்டாம். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள்.

"பேரு பேருங்கான். பேருன்னே கத்துதான். யாரு பேருன்னு சொல்ல மாட்டேங்கான். காலேசுப் பிள்ளைட்ட கேளு."

இப்படியா? காலேசுப் பிள்ளைட்ட கேளு என்றா? எத்தனை நாளாக? ராத்திரி பூராவுமா?

ஒரு நிமிஷம் இருங்கள். அந்த ஃபேனை நிறுத்துங்கள், இரைச்சலாக இருக்கிறது.

பேர்பெத்தவளில் பாதி. பின்பாதியைச் சொல்ல அவனுக்குக் கூச்சம். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டான். பேரு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "பேரூ, ஒரு செம்புத் தண்ணி தா." அதுதான் அந்தப் பேர். இரண்டு ஓலைக்கு நடுவில் பிறந்தது. மூன்றாவதற்குள் அவன் போய்விட்டான். அவனுக்கும் எனக்கும் அந்தச் சுவருக்கும்தான் தெரியும்.

பேரு சொன்னான் என்றார் உங்கள் அப்பா. மரத்தடியில். என் முகத்துக்கு நேராக.

நான் முப்பத்தைந்து வருஷம் இதைத்தான் பிள்ளைகளுக்கு நடத்தினேன். பால் குடித்தான். பாலைக் குடித்தான் என்பதில் ஐ மறைந்து நிற்கிறது, இரண்டாம் வேற்றுமைத் தொகை. பேரு சொன்னான். பேரைச் சொன்னான். நானாக ஒரு ஐயைப் போட்டுக் கேட்டேன். அங்கே ஐ இல்லை. எதுவும் மறைந்திருக்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்திருக்கிறார். நான் யார் பேர என்று கேட்டேன்.

ஆனால் அவர் ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும். பேரு பேருன்னு கத்தினான், எனக்கு ஒண்ணும் வெளங்கல பிள்ள என்று நேராகச் சொல்ல வாய் இல்லையா? என்னத்துக்கு அம்மா என்று ஒருத்திக்கும் பெர்பெத்துவா என்று ஒருத்திக்கும் மொழிபெயர்க்க வேண்டும்? மூலத்தை அப்படியே கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இதில் என் தப்பு ஒன்றும் இல்லை. நீயே சொல்லு, இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

அம்மா என்று அவன் கூப்பிடவில்லை. அது மட்டும் இப்போது நிச்சயமாகிவிட்டது. மோனிக்கம்மா உயிரோடு இருந்தால் இப்போதே போய்ச் சொல்லியிருப்பேன்.

அப்பாவுக்குப் பேச்சு தெளிவாக இருக்கிறதா? காலையில் இருந்ததா? இப்போது யார் பக்கத்தில் இருக்கிறார்கள்?

தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிடும்போது சொல்லின் கடைசி எழுத்து நீளும். இலக்கணத்தில் இருக்கிறது. அருகில் என்றால் குட்டையாகவே நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது அவன் கொஞ்சம்தான் இழுப்பான். சந்து முனைக்குப் போய்விட்டுச் செம்பைச் சுவர்மேல் வைத்துவிட்டேன் என்று சொல்லக் கூப்பிடும்போது இன்னும் நீளும். கப்பல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அப்படியானால் அது எவ்வளவு நீண்டது? எனக்கு அதுதான் தெரிய வேண்டும். அதைக் கேட்ட காது உலகத்தில் உன் அப்பாவுடையது ஒன்றுதான். இவ்வளவு காலமாக அந்தக் குரல் இந்தத் தெருவில்தான் இருந்திருக்கிறது, நாலு வீடு தள்ளி. நான் எதிர்ப்பக்கமாக நடந்துகொண்டிருந்தேன்.

மன்னிக்க வரவில்லை. அதைத் தெளிவாகப் புரிந்துகொள். உன் அப்பாவிடம் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்று. அவன் கூப்பிட்ட மாதிரியே ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டச் சொல்வேன். காட்டினால், யாருடைய பேர் அது என்று சொல்வேன். அவருக்கு வேண்டியது அதுதான் என்றால் அவருக்கு அது கிடைக்கும். வியாபாரம் சரியாகிவிடும்.

எழுந்திரு தம்பி. வாசலில் போய் ஆட்டோ நிற்கிறதா பார். நாலு வீடுதான் என்று சொல்லாதே, எனக்கு முழங்கால் வேகமாக வராது, அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? என் கண்ணாடி ஷெல்ஃபில் இருக்கிறது. செருப்பு அந்தக் கதவுக்குப் பின்னால். பூட்டு எங்கே வைத்தேன்? சரி, பூட்ட வேண்டாம், சாத்திவிட்டு வா.

யார்? மோனிக்கம்மாவா? அவளைப் பற்றி இப்போது எதற்குக் கேட்கிறாய்?

அறுபத்தொன்றில் செத்தாள். மாதா கோயிலில் கொடி ஏறிய மறுநாள். முதலில் போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள், அடுப்படியில் ரெமிக்கென்று சோறு போட்டு மூடி வைத்த தட்டு இருந்ததாம், சோறு இன்னும் ஆறவில்லையாம்.